'தி சோசன்': யெஷிவா வகுப்பறைக்கு இந்த நாவல் சரிப்படுமா?

பக்தியுள்ள யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் அமெரிக்கப் பள்ளிகளில் ஆங்கில வகுப்புக்கு எந்த நாவலை வைப்பது என்ற பேச்சு எழுந்தால், ஹைம் போட்டோக் எழுதிய 'தி சோசன்' சீக்கிரமே மேசைக்கு வந்துவிடும். 1967இல் வெளியான புத்தகம். படுக்கையறைக் காட்சி கிடையாது, வசவு கிடையாது, காதல் என்று சொல்ல ஒரு பக்கம்கூடத் தேறாது. அதனாலேயே பலர் மேலோட்டமாகப் புரட்டிப் பார்த்து 'சரி' போட்டுவிடுகிறார்கள். பாதி நாவல் ஓடிய பிறகுதான் பெற்றோரிடமிருந்து தொலைபேசி வரும். பக்கம் பக்கமாகக் குற்றம் தேடுகிறவருக்கு இதில் எதுவும் சிக்காது. மாணவனை உலுக்கக்கூடியதெல்லாம் கதைப்போக்கிலேயே ஊறிக் கிடக்கிறது.

கதை சுருக்கமாக: 1944, புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க். இரண்டு யெஷிவாக்களின் (யூத மதக் கல்விப் பள்ளிகள்) பையன்கள் சாஃப்ட்பால் ஆடுகிறார்கள். ஹசிதியப் (ஒரு குருவைச் சுற்றி வாழும் தீவிர பக்திப் பிரிவு) பள்ளியின் டேனி சாண்டர்ஸ் அடித்த பந்து, நவீன ஆர்த்தடாக்ஸ் (மரபைக் கடைப்பிடித்தபடியே பொதுக் கல்வியையும் ஏற்கும் பிரிவு) பள்ளியின் ரூவன் மால்ட்டரின் மூக்குக் கண்ணாடியை உடைக்க, சில்லு கண்ணுக்குள் போய்விடுகிறது. அந்தப் பகையிலிருந்து நட்பு முளைக்கிறது. டேனி, ரெப்பேயின், அதாவது ஹசிதியக் குருவின், மூத்த மகன். அப்பாவின் பீடம் அவனுக்குத்தான் என்பது பிறந்தபோதே முடிவான விஷயம். அவனோ பொது நூலகத்தில் ஒளிந்து டார்வினும் ஃபிராய்டும் படிக்கிறான். அப்பா ரெப் சாண்டர்ஸ் தால்முத் (யூதச் சட்ட விவாதங்களின் பெருநூல்) பாடம் தவிர வேறெதற்கும் மகனோடு பேசுவதில்லை. மொத்தம் 18 அத்தியாயங்கள், மூன்று பாகங்கள். கதைசொல்லி ரூவன். ஹசிதிகளை நாம் கடைசிவரை வெளியாள் கண்ணால்தான் பார்க்கிறோம் என்பதைத் தேர்வு செய்கிறவர் மறக்கக் கூடாது.

நாவல் படிப்பதே தகுமா என்ற கேள்வி இந்த வட்டாரத்தில் பழையது. பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் சன்ஹெத்ரின் பகுதி, 10ஆம் அதிகாரத்தில், 'வெளி நூல்களை' வாசிப்பவருக்கு வரும் உலகில் பங்கில்லை என்கிறார் ரபி (யூத மத குரு) அகிவா. யூதச் சட்ட நூலான ஷுல்ஹான் அருக் (ஓரஹ் ஹயீம் 307:16) காமக் கதைகளையும் போர்க் கதைகளையும் ஓய்வு நாளான ஷபாத்தில் மட்டுமல்ல, வார நாளிலும் விலக்குகிறது. எதிர்ப்பக்கத்தில், ஹார்வர்டில் ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு யெஷிவாத் தலைவராக இருந்த ரபி அஹரோன் லிக்டென்ஸ்டைன் போன்றவர்கள், நல்ல இலக்கியம் மனிதனைப் புரிந்துகொள்ள உதவும் என்று வாதாடியிருக்கிறார்கள். ஒரு பள்ளி இந்த இரண்டு கரைகளுக்கு நடுவில் எங்கே நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் இந்த நாவல் நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பயனில்லை.

ஆசிரியரையும் பார்க்கத்தான் செய்வார்கள். போட்டோக் 1929இல் பிராங்க்ஸில், போலந்திலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்தவர். 1954இல் ரபி பட்டம் வாங்கினார். ஆனால் ஆர்த்தடாக்ஸைவிட நெகிழ்வான கன்சர்வேட்டிவ் பிரிவின் ஜூயிஷ் தியலாஜிக்கல் செமினரியில். கண்டிப்பான ஆர்த்தடாக்ஸ் பள்ளிகளில் இந்த ஒரு வரியே நாவலை மூடி வைக்கப் போதும். மறைத்து வைத்தாலும் மாணவன் தேடிக் கண்டுபிடித்துவிடுவான். முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

இனி, வகுப்பில் எங்கெங்கே தடுக்கும் என்று பார்ப்போம்.

முதலாவது நூலகம். டேனிக்கு எதைப் படிப்பது என்று வழிகாட்டுகிறவர் ரூவனின் தந்தை டேவிட் மால்ட்டர். பக்திமான், தால்முத் அறிஞர். இன்னொருவர் பிள்ளைக்கு அவன் அப்பாவுக்குத் தெரியாமல் புத்தகம் காட்டுகிறார். அவருக்கே அது உறுத்துகிறது. நான் சொல்லாவிட்டாலும் பையன் படித்திருப்பான் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறார். 14 வயது மாணவன் இந்தச் சமாதானத்தை அப்படியே விழுங்கிவிடுவான். பெற்றோரை மதிக்கும் கட்டளை இங்கே என்ன ஆகிறது என்று ஆசிரியர் நிறுத்திக் கேட்க வேண்டும். தீர்ப்புச் சொல்லிவிடத் தேவையில்லை. நாவலும் சொல்லவில்லை.

இரண்டாவது, மூன்றாம் பாகத்தில் வரும் தால்முத் வகுப்பு. வெளியாட்கள் புரட்டித் தள்ளிவிடும் இடம் இதுதான். உள்ளே இருப்பவர்களுக்கு வெடிமருந்தும் இதுதான். சிக்கலான ஒரு பகுதியை விளக்க வேண்டி வரும்போது, மூலத்தின் வாசகத்தில் பிழை புகுந்திருக்கிறது, அதைத் திருத்தினால் பொருள் நேராகிவிடும் என்று ரூவன் கண்டுபிடிக்கிறான். ஆசிரியர் ராவ் கெர்ஷென்சன் தனியே அழைத்து அந்த விளக்கத்தைக் கேட்டுக்கொள்கிறார். ஆனால் வகுப்பில் அந்த முறையை ஒருபோதும் கையாளக் கூடாது என்கிறார். பிறகு ரூவன் நூலக அட்டவணையில் அவர் பெயரைத் தேடுகிறான். அவர் எழுதியதாக ஒன்றும் இல்லை. தன் தந்தை ஏன் அந்தக் கல்லூரியில் கற்பிக்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது.

இந்தப் பகுதியைத் தால்முத் தெரியாத ஆங்கில ஆசிரியர் தனியாக நடத்தினால் இரண்டில் ஒன்று நடக்கும். வகுப்பு தூங்கும், அல்லது புனித நூலில் பிழை இருக்கிறதாமே என்ற ஒற்றை வாக்கியம் மட்டும் வீட்டுக்குப் போகும். தீர்வு சுலபம், செலவும் இல்லை. பள்ளியின் தால்முத் ரபியை ஒரு பாடவேளைக்கு அழைத்து, மாணவர்கள் தினமும் திறக்கும் அதே வில்னா தால்முத் பதிப்பின் ஓரத்தைக் காட்டச் சொல்லுங்கள். 'ஹகஹோத் ஹபாஹ்' என்ற தலைப்பில் சின்ன எழுத்தில் அச்சாகியிருப்பவை 17ஆம் நூற்றாண்டின் ரபி யோயெல் சிர்கிஸ் செய்த வாசகத் திருத்தங்கள். வில்னா காவோன் என்ற பேரறிஞரின் திருத்தங்களும் உண்டு. இந்தச் சொல்லை நீக்கு, இதற்குப் பதில் இதை வாசி என்று நேராகவே எழுதியிருக்கும். திருத்துவது மரபுக்குள் இருந்த வேலைதான். எந்த அதிகாரத்தில், எந்தக் கைப்பிரதியை வைத்துத் திருத்துவது என்பதில்தான் சண்டை. அந்த ஓரக்குறிப்பைப் பார்த்த மாணவன் ரூவனின் இக்கட்டை ஐந்தே நிமிடத்தில் பிடித்துக்கொள்வான்.

மூன்றாவதுதான் பெரியது: மௌனம். மகனை மௌனத்தில் வளர்ப்பது ஹசிதியர் வழக்கம் என்று நினைத்துக்கொண்டே பலர் புத்தகத்தை மூடுகிறார்கள். அப்படி ஒரு வழக்கம் கிடையாது. நாவலாசிரியர் புனைந்த பாத்திரம் அப்படி நடந்துகொள்கிறது, அவ்வளவுதான். இதைப் புத்தகம் கொடுக்கும் அன்றே சொல்லிவிட வேண்டும். டேவிட் மால்ட்டர் சொல்லும் ஹசிதிய வரலாறும், டேனி நூலகத்தில் படித்து அதிர்ந்துபோகும், வரலாற்றாசிரியர் கிரேட்ஸ் எழுதிய வரலாறும் ஹசிதிகள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் வரலாறு அல்ல. கிரேட்ஸ் அவர்கள்மீது வெளிப்படையான வெறுப்புக் கொண்டவர்.

ஆக, இந்த நாவல் அதிகக் கெடுதல் செய்யக்கூடிய இடம் கண்டிப்பான பள்ளி அல்ல, தாராளமான பள்ளி. அங்கே படிக்கும் பிள்ளைகள் ரூவனோடு சேர்ந்துகொண்டு, மதக் கடமையாக அணியும் ஆடைக் குஞ்சம் வெளியே தொங்க ஆட வரும் டேனியின் அணியைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதே ஆட்டத்தில் ஹசிதியப் பையன்கள் எதிரணியை 'அபிகோர்சிம்', அதாவது மதத் துரோகிகள், என்று ஏசுவதையும் படிப்பார்கள். இரு பக்கத்து இளப்பத்தையும் ஒன்றாக வைத்துப் பேசாவிட்டால், பக்கத்துத் தெருவில் வாழும் சமூகத்தைப் பற்றிய கேலிப் பேச்சுக்கு வகுப்பறையே மேடையாகிவிடும். அது லஷோன் ஹாரா, புறம் பேசும் பாவம். இதைக் கவனிக்கும் தேர்வுக் குழுக்கள் குறைவு.

யூத இனப்படுகொலைச் செய்தி அமெரிக்காவை எட்டுவதும், இஸ்ரேல் நாடு பற்றிய சண்டையும் கதையில் கனமாக வருகின்றன. டேவிட் மால்ட்டர் மேடையில் யூத நாட்டுக்காகப் பேசியதைப் பொறுக்காமல், ரூவனோடு பேசவே கூடாது என்று மகனுக்குத் தடை போடுகிறார் ரெப் சாண்டர்ஸ். சயோனிய (யூத நாட்டை ஆதரிக்கும்) பள்ளி மாணவர்களுக்கு, மதத்தின் பேரிலேயே அந்த நாட்டை எதிர்த்தவர்கள் உண்டு என்பது புதுச் செய்தியாக இருக்கலாம். வரலாற்று ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் போதும்.

யாருக்குக் கொடுக்கலாம்? நவீன ஆர்த்தடாக்ஸ் பள்ளிகளில் 9, 10ஆம் வகுப்புக்குத் தாராளமாக. பொதுப் பாடங்களையும் அக்கறையாக நடத்தும் யெஷிவாக்களில் 11ஆம் வகுப்புக்கு, தால்முத் ரபி கூட இருந்தால். ஹசிதியப் பள்ளிகளுக்கு வேண்டாம். தங்களைப் பற்றி வெளியாள் வரைந்த சித்திரத்தைத் தங்கள் பிள்ளைகள் பாடமாகப் படிக்க வேண்டும் என்று எந்தச் சமூகத்திடமும் கேட்க முடியாது. பெண்கள் பள்ளியானால் கூடுதலாக ஒன்று: டேனியின் அம்மாவும் தங்கையும் கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை. அதை மாணவிகளே எழுப்புவார்கள். எழுப்பட்டும், நல்ல கட்டுரைப் பொருள்.

பக்கங்களைக் கறுப்பு மையால் அழித்துக் கொடுக்கும் பழக்கம் இந்த நாவலிடம் எடுபடாது. நூலகக் காட்சிகளை அழித்தால் ஃபிராய்டு எங்கிருந்து வந்தார் என்று புரியாது. ஃபிராய்டை அழித்தால் டேனி ஏன் உளவியலுக்குப் போகிறான் என்று புரியாது. முழுதாகக் கொடுங்கள், அல்லது கொடுக்காதீர்கள்.

ஐந்து வாரம் ஒதுக்கலாம். முதல் பாகத்தின் 4 அத்தியாயங்கள் விளையாட்டும் மருத்துவமனையும். ஒரு வாரத்தில் ஓடிவிடும். இரண்டாம் பாகத்தின் 8க்கு இரண்டு வாரம். மூன்றாம் பாகத்தில் 6தான், ஆனால் அதற்கும் இரண்டு வாரம் வேண்டும். வெள்ளிக்கிழமை வாசிப்பு வேலை கொடுக்காதீர்கள்: ஷபாத்தில் எழுத முடியாது, பல வீடுகளில் அன்று நாவலைத் தொடவும் விடமாட்டார்கள். தேர்வில் 'யார் செய்தது சரி?' என்று கேட்பதைவிட, பஸ்கா நாட்களில் நடக்கும் அந்தக் கடைசிச் சந்திப்பைக் கொடுத்து, ரெப் சாண்டர்ஸ் மகனிடம் சொல்ல வேண்டியதை ஏன் ரூவனைப் பார்த்தே சொல்கிறார் என்று கேளுங்கள். பாடநூல் உரைகளிலிருந்து காப்பியடிக்க வருகிறவன் அங்கே மாட்டிக்கொள்வான்.

வெற்றிபெற்ற உற்சாகத்தில், இதே ஆசிரியரின் 'மை நேம் இஸ் ஆஷர் லெவ்' (1972) நாவலையும் சேர்த்து வாங்கிவிடுகிறார்கள். அது வேறு ரகம். ஹசிதியக் குடும்பத்து ஓவியச் சிறுவன் நிர்வாண உருவம் வரையக் கற்கிறான், கடைசியில் தன் தாயையே சிலுவைக் காட்சியில் தீட்டுகிறான். 12ஆம் வகுப்புக்கு முன்னால் யோசிக்கவே வேண்டாம். அப்போதும் அதற்கெனத் தனியாகப் பெற்றோரிடம் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.