நியூரானுக்கு எந்த மீடியம்: சீரமா, பி-27ஆ, பிரெயின்ஃபிஸா?

கோலாலம்பூர் லேப்பில் நியூரான் (நரம்பு செல்) வளர்க்க வரும் தம்பி தங்கைகள் மீடியத்துக்கு, அதாவது செல்கள் வளரும் ஊட்டத் திரவத்துக்கு, முதலில் கை வைப்பது டிஎம்இஎம் என்ற பொதுவான திரவமும் 10 சதவீத சீரமும்தான். மற்ற செல்களுக்காக ஃபிரிட்ஜில் எப்படியும் இருக்கும். (சீரம் பசுவின் வயிற்றுக் கன்றின் இரத்தத்திலிருந்து வருகிறது. செந்தூல் வீட்டில் அம்மாவிடம் இதை விளக்கப் போகாதீர்கள்.)

எலிக் கருவின் ஹிப்போகேம்பஸ் (மூளையின் நினைவுப் பகுதி) செல்கள் அதில் நன்றாகவே ஒட்டும். அப்புறம்தான் வினை. சீரம் நியூரானுக்குத் துணையாக இருக்கும் கிளியா செல்களைப் பெருக்கிவிடும். நியூரான் பிரிந்து பெருகாது, கிளியாவோ தட்டு முழுக்கப் பரவும். போதாததற்கு சீரத்திலேயே குளூட்டமேட் உண்டு, நியூரான்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் வேதிப்பொருள். அது மிஞ்சினால் நியூரானுக்கு நஞ்சு. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் வழவழவென்று இருந்த இழைகள் மணி கோத்தது போல முடிச்சு முடிச்சாகத் தெரியும். ஆகவே சீரம் ஒட்டவைக்கும் முதல் சில மணி நேரத்துக்கு மட்டும் போதும் என்பேன்.

நியூரானுக்கென்றே செய்த நியூரோபேசல் மீடியமும் அதில் சேர்க்கும் பி-27 கலவையும் வந்தது 1993இல். அதை உருவாக்கிய பிரூவர் குழு ஆஸ்மோலாலிட்டியையும் (கரைந்திருக்கும் பொருள்களின் செறிவு) குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தையும் குறைத்தது, ஃபெரஸ் சல்ஃபேட் என்ற இரும்பு உப்பை எடுத்தே விட்டது. பி-27 என்பது சீரத்துக்குப் பதில் இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின், ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் எல்லாம் அளந்து சேர்த்த கலவை. கிளியா 0.5 சதவீதத்துக்கும் கீழே போனது. இழை நீளம், கிளை எண்ணிக்கை பார்க்கிறீர்களா? யோசிக்காமல் இதையே எடுங்கள்.

நியூரானின் மின்துடிப்பைப் பதிவு செய்வதென்றால் கதை வேறு, அங்கே பிரெயின்ஃபிஸ்தான். டிஎம்இஎம், நியூரோபேசல் இரண்டுமே நியூரானின் மின்செயல்பாட்டை மட்டுப்படுத்துகின்றன என்று 2015இல் அமெரிக்காவின் சால்க் ஆய்வகத்தார் காட்டினார்கள். அவர்கள் உருவாக்கிய பிரெயின்ஃபிஸ் மீடியத்தில் உப்புகள் மூளைத் திரவத்தை ஒட்டி இருக்கும், குளுக்கோஸ் 2.5 மில்லிமோலார். நியூரோபேசலில் 25, அதாவது பத்து மடங்கு.

மீடியத்துக்கு இவ்வளவு அடித்துக்கொள்பவர்கள் ஆவியாதலைக் கவனிப்பதில்லை. வெளியே புழுக்கம் என்றாலும் லேப்பில் ஏர்கோன், காற்று வறண்டிருக்கும். செல் தட்டுகளை வெதுவெதுப்பாக வைக்கும் இன்குபேட்டர் பெட்டியின் கதவைத் திறக்கத் திறக்க உள்ளே ஈரம் போகும். தண்ணீர் குறைந்தால் ஆஸ்மோலாலிட்டி ஏறும், எந்த பிராண்டும் காப்பாற்றாது. 2001இல் பாட்டர், டிமார்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் தட்டை டெஃப்லான் படலத்தால் மூடியே செல்களை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தார்கள். நம் லேப்பில் அந்த வசதி இல்லையென்றால் இன்குபேட்டருக்குள் இருக்கும் தண்ணீர்த் தட்டை நிரப்பி வையுங்கள். மீடியம் மாற்றும்போது பாதியை மட்டும் எடுங்கள். செல்கள் தாமே சுரந்து வைத்தது மீதிப் பாதியில் இருக்கிறது.