கிட்டி டெர்மினல்: பேஸ்ட் பாதுகாப்பில் எப்படி?

இணையப் பக்கத்திலிருந்து காப்பி செய்யும் கமாண்டோடு, சிஎஸ்எஸ்ஸால் (பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் மொழி) மறைத்த ஒரு வரியும் கடைசியில் ஒரு புதுவரிக் குறியும் சேர்ந்து வந்தால் போதும். பேஸ்ட் செய்ததுமே, என்டர் தட்டாமலே, அது ஓடிவிடும். கோவிட் கோயல் உருவாக்கிய கிட்டி என்ற டெர்மினல் (கமாண்டுகளைத் தட்டி ஓட்டும் ஜன்னல்) இதை நன்றாகவே கையாள்கிறது.

பிராக்கெட்டட் பேஸ்ட்தான் அடிப்படை. ஷெல் (டெர்மினலுக்குள் கமாண்டுகளை வாங்கி ஓட்டும் புரோகிராம்) கேட்டால், டெர்மினல் உரைக்கு முன்னால் எஸ்கேப்[200~, பின்னால் எஸ்கேப்[201~ என்று வேலி போட்டு அனுப்பும். நடுவில் வரும் புதுவரியை ஷெல் என்டராக எடுக்காது. பாஷ் என்ற ஷெல்லில் 5.1 பதிப்பு (2020) முதல் இது இயல்பாகவே இயங்குகிறது. மேக்கோடு வரும் பாஷ் 3.2இல் கிடையாது, பழைய சர்வர்கள் பலவற்றிலும் கிடையாது.

உரைக்குள்ளேயே 201 குறியை ஒளித்து வைத்தால் வேலி பாதியில் முடிந்துவிடுமே? கிட்டி அதை நீக்குகிறது, எதுவும் மிஞ்சாதவரை திரும்பத் திரும்ப. எஸ்கேப்[20 என்பதற்கும் 1~ என்பதற்கும் நடுவே முழுக் குறி ஒன்றைச் செருகினால், அதை எடுத்ததும் இரண்டு துண்டும் சேர்ந்து புதுக் குறியாகிவிடும். ஒருமுறை மட்டும் நீக்கினால் இங்கே ஏமாறுவோம். இவ்வளவு தூரம் யோசித்து அடைத்திருக்கிறார்கள், பாராட்டலாம்.

ஒட்டும் உரையில் கட்டுப்பாட்டுக் குறிகள் (எஸ்கேப் போன்ற, கண்ணுக்குத் தெரியாத குறிகள்) இருந்தால் கிட்டி நிறுத்திக் கேட்கும்: சுத்தம் செய்து ஒட்டவா, அப்படியே ஒட்டவா, விட்டுவிடவா? எதிரே வேலி இல்லாத ஷெல் என்றால் வெறும் புதுவரிக்கே கேட்கும். ஷெல் இன்டகிரேஷன் (ஷெல்லும் கிட்டியும் தகவல் பரிமாறும் வசதி) இருந்தால், ப்ராம்ப்ட்டில் (கமாண்டுக்குக் காத்திருக்கும் வரியில்) ஒட்டும் யூஆர்எல்லுக்கு மேற்கோள் குறியும் போட்டுவிடும்; இல்லையென்றால் அதிலுள்ள & குறி கமாண்டை இரண்டாக வெட்டிவிடும்.

குறை என்றால், வேலி இருக்கும் ஷெல்லில் சாதாரணப் பல வரி உரை கேள்வியே இல்லாமல் உள்ளே போகிறது.  பெரிய உரைக்கான கிட்டியின் எச்சரிக்கையும் இயல்பில் அணைந்திருக்கிறது, அதன் எல்லையும் 16 கேபி. ஆபத்தான கமாண்டுக்கு ஒரு வரியே போதும். அதனால் என்டருக்கு முன் முழுவதையும் படியுங்கள். நீளமாக இருந்தால் முதலில் எடிட்டரில் ஒட்டிப் பாருங்கள்.

கோப்பைக் காட்டும் 'கேட்' (cat) போன்ற புரோகிராமுக்குள் ஒட்டும்போது வரும் கேள்வி சலிப்புதான். அதற்காக, அந்தக் கேள்வியைக் கேட்க வைக்கும் 'கன்ஃபர்ம்' அமைப்பை எடுத்துவிடாதீர்கள். பேஸ்ட் ஆக்‌ஷன்ஸ் (paste_actions) வரியைக் கிட்டியின் அமைப்புக் கோப்பில் நீங்களே எழுதினால் பழைய இயல்பு மதிப்புகள் போய்விடும். 'கன்ஃபர்ம்' அதில் இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்எஸ்எச் (வேறு கம்ப்யூட்டருக்குள் நுழையும் வழி) மூலம் ஒரு புரோகிராம் உங்கள் கிளிப்போர்டைப் படிக்க வந்தாலும் கிட்டி அனுமதி கேட்கும். பாஸ்வேர்டு காப்பி செய்பவர்கள் அதையும் மாற்ற வேண்டாம்.