“நிறம் வெறும் சாயம்தான் சார்” என்றார்கள், மூன்று மாதச் சம்பளம் போச்சு

ஆட்டோமேட்டிக் வண்டிக்கு கியர்பாக்ஸ் ஆயிலை வீட்டிலேயே மாற்றுவது எப்படி என்று படத்தோடு எழுதுவதாக இருந்தேன். இப்போது எழுதுவது வேறு. நேற்று சாயங்காலம் வொர்க்‌ஷாப்பில் ஒரு தொகை சொன்னார்கள். என் மூன்று மாதச் சம்பளம். ஆத்திரத்தில் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் நாலு டிப்ஸும் தருகிறேன்.

என் வண்டி சிவிடி, அதாவது படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக் வகை. உள்ளே இரண்டு புல்லிகளுக்கு நடுவே எஃகு பெல்ட் ஓடும். அது வழுக்காமல் புல்லியைக் கவ்வ வேண்டும், தேயவும் கூடாது. அந்த இரண்டையும் பார்த்துக்கொள்ள அதற்கென்றே தனி ஆயில் இருக்கிறது. சாதாரண ஆட்டோமேட்டிக்கில் ஊற்றும் ஏடிஎஃப் அந்தப் பிடியைத் தராது. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் ஏமாந்தேன் பாருங்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

வாங்கியது ஒரு பெரிய இணையச் சந்தையில். பெயர் வேண்டாம், ஊசி முதல் டயர் வரை விற்கிற வகை. அதில் கடை போட்டிருந்த ஒரு விற்பனையாளர். நட்சத்திரங்கள் கொட்டிக் கிடந்தன. மேனுவலில் இருந்த அதே ஆயில் குறியீடு கேனிலும் இருந்தது. விலை மற்றவர்களைவிடக் கொஞ்சம்தான் குறைவு. ரொம்பக் குறைந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். அந்தக் கணக்குகூட அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை நான்கு ஸ்டாண்டில் மட்டமாக ஏற்றினேன். ஊற்றுகிற போல்ட் கழல்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, அப்புறம்தான் வடிக்கிற போல்ட்டில் கை வைத்தேன். வடிந்தது மூன்றரை லிட்டர். பழசுதான், ஆனாலும் மங்கலான தேன் நிறம், சிவப்பின் சாயலே இல்லை. புதுக் கேனின் மூடியைத் திருகி, உள்மூடித் தாளைக் கிழித்துப் புனலுக்குச் சாய்க்கப் போனேன். உள்ளே செக்கச்செவேலென்று இருந்தது.

சிவப்புச் சாயம் வழக்கமாக ஏடிஎஃப்-க்குத்தான் போடுவார்கள். கை அப்படியே நின்றது. வண்டிக்கு அடியில் படுத்தபடியே, எண்ணெய்க் கட்டைவிரலால் போனைத் தேய்த்துத் தேய்த்து, ஒரு படம் எடுத்து விற்பனையாளருக்கு அனுப்பினேன். “இது சிவிடி ஆயில்தானா? ஏன் இவ்வளவு சிவப்பு?”

இரண்டே நிமிடத்தில் பதில். “நிறம் வெறும் சாயம்தான் சார். பேட்ச்சுக்கு பேட்ச் மாறும். உங்கள் மாடலுக்கு நூறு சதவீதம் பொருந்தும், தைரியமாக ஊற்றுங்கள்.”

என்னைக் கவிழ்த்தது அந்த முதல் வரி. அது உண்மை. கியர்பாக்ஸ் ஆயிலுக்கு நிறம் சாயத்தால் வருவதுதான், கசிந்தால் என்ஜின் ஆயிலா இதுவா என்று அடையாளம் தெரிய அது உதவும். எனக்குத் தெரிந்த ஒன்றை அவன் சரியாகச் சொன்னதும், கூடவே வந்த பொய்யையும் சேர்த்து விழுங்கிவிட்டேன். ஊற்றுவதற்கு முன்னால் கேட்டேன் ஐயா! கேட்டுவிட்டுத்தான் ஊற்றினேன்.

பத்து நாள் ஒன்றும் இல்லை. அப்புறம் நின்று கிளம்பும்போது ஒரு உதறல். பிறகு மேட்டில் மிதித்தால் ஆர்பிஎம் மட்டும் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. வொர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸின் அடிப் பானைக் கழற்றி, உலோகத் துகளைப் பிடிக்க அதில் இருக்கும் காந்தத்தைக் காட்டினார்கள். அதில் மை மாதிரி மெல்லிய கறுப்புப் பசை ஒட்டியிருப்பது சகஜம். என்னுடையதில் விரலில் குத்துகிற செதில்கள். பெல்ட்டிலும் புல்லியிலும் வரிவரியாகக் கீறல். கியர்பாக்ஸையே மாற்ற வேண்டுமாம். மூன்று மாதச் சம்பளம்.

வீட்டுக்கு வந்து மிச்சம் அரை லிட்டர் இருந்த கேனை எடுத்தேன். லேபிளின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. நகத்தால் உரித்தேன். அடியில் இன்னொரு லேபிள்: டெக்ஸ்ரான் 3, அதாவது பழைய ஏடிஎஃப் தரம் ஒன்று. அந்தத் தரத்துக்கு உரிமம் கொடுப்பதை ஜெனரல் மோட்டார்ஸ் 2006-உடன் நிறுத்திவிட்டது. யாருக்கும் வேண்டாத ஏடிஎஃப்-ஐ சிவிடி என்று வேஷம் கட்டி என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

இனிமேல்தான் கூத்து. விற்பனையாளர் சொன்னது: “திறந்த கேனை திரும்ப எடுக்க மாட்டோம் சார்.” லேபிள் படத்தை அனுப்பினேன். “நீங்களே ஊற்றினீர்களா? மெக்கானிக் பில் இருந்தால்தான் பேச முடியும்.” பில் இல்லாமல் நானே ஊற்றியது இவன் சொன்ன தைரியத்தில்! அதற்கப்புறம் பதிலே இல்லை. சந்தைக்காரர்களிடம் போனால் முதலில் ஒரு எந்திரம் பேசுகிறது, மூன்றாவது முயற்சியில் மனிதர். பார்சல் பிரித்த வீடியோ கேட்டார். ஆயில் கேனை வீடியோ எடுத்தா பிரிப்பார்கள்? பிறகு “பொருளின் தரம் விற்பனையாளர் பொறுப்பு” என்று புகாரை மூடிவிட்டார்கள். ஆறுதலுக்கு அடுத்த ஆர்டரில் தள்ளுபடிக் கூப்பனாம். போன மூன்று மாதச் சம்பளத்துக்கு ஒரு கூப்பன்! நான் போட்ட ஒற்றை நட்சத்திர விமர்சனம் ராத்திரியோடு காணவில்லை, விதிமுறைக்கு ஒவ்வாததாம்.

டிப்ஸ் சொல்கிறேன் என்றேன் அல்லவா, இப்போது மனசு ஓடவில்லை. அவசரமாகச் சில:

மேனுவலில் உள்ள குறியீடும் கேனில் உள்ள குறியீடும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். “எல்லா வண்டிக்கும்” என்று போட்டிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். லேபிளின் ஓரத்தை நகத்தால் நெருடிப் பாருங்கள், அடியில் இன்னொன்று தட்டுப்படலாம். சந்தேகம் வந்தால் வடித்ததோடு நிறுத்துங்கள், வண்டி இரண்டு நாள் ஸ்டாண்டிலேயே நிற்கட்டும். எவ்வளவு வடிந்ததோ அளந்து அவ்வளவுதான் முதலில் ஊற்ற வேண்டும். மேனுவல் சொல்லும் சூட்டில், அது சொல்லும் முறையில்தான் கடைசி அளவு பார்க்க வேண்டும்.

வடித்த பழைய ஆயிலில் ஒரு பாட்டில் தேதி எழுதி எடுத்து வையுங்கள். நான் அன்றைக்கே மொத்தத்தையும் கழிவு எண்ணெய் எடுப்பவரிடம் கொடுத்துவிட்டேன். இப்போது பக்கத்தில் வைத்துக் காட்டு என்கிறார்கள், காட்ட ஒரு சொட்டு இல்லை.