பெண்ணெழுத்தா, பெண்ணிய எழுத்தா?

இரண்டையும் ஒன்றாகவே பலர் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது.

பெண்ணெழுத்து என்றால் எழுதியது யார் என்பதே முதல் கேள்வி. வை.மு.கோதைநாயகி பள்ளிக்கே போகாதவர். முதல் நாடகத்தை அவர் சொல்லச் சொல்லத் தோழிதான் எழுதினார். அப்புறம் 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தி, 100-க்கும் மேல் நாவல்கள் எழுதினார். குடும்பப் பெண்கள் காத்திருந்து படித்தார்கள். கதைகளில் கலகம் குறைவு என்று அவரை ஒதுக்குவது பெரிய அநியாயம். ஒரு பெண் பேனா பிடித்ததே அன்று எவ்வளவு பெரிய காரியம்!

பெண்ணிய எழுத்துக்கு, பெண் அடிமைத்தனத்தைக் கேள்வி கேட்கும் பார்வைதான் அடையாளம். ஆணும் எழுதலாம், பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' அப்படித்தான்.

சில நூல்கள் இரண்டிலும் சேரும். 1986-இல் யாழ்ப்பாணத்தில் வந்த 'சொல்லாத சேதிகள்' பெண்கள் எழுதிய கவிதைத் தொகுப்பு. பெண்ணியக் குரலும் அதில் தெளிவாகக் கேட்கும்.

ஒரு சொல்தான் என்றால் நான் பெண்ணெழுத்தையே எடுப்பேன். கொள்கை பேசாத பாட்டிகளுக்கும் அதில் இடமுண்டு. ஆனால் 'மகளிர் இலக்கியம்' மட்டும் வேண்டாம், அது கோலமும் சமையலும் உள்ள பக்கத்துக்கு நம்மை அனுப்பிவிடுகிறது.