ஜிஎஃப்எக்ஸ் வாங்கின பிறகு என்னென்ன வாங்கினன், எது உண்மையா உதவினது

ஃபுஜியிட ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் டூ எண்ட மீடியம் ஃபோர்மட் கமரா (சாதாரண கமராவை விடப் பெரிய சென்சர்) என்ர கைக்கு வந்து ரெண்டு வருசமாகப் போகுது. செக்கண்ட் ஹாண்ட்தான், 35-70 லென்ஸோட சேர்த்து எடுத்தது, பிறகு ஒரு 63எம்எம் எஃப்2.8 சேர்ந்தது. கமராவைப் பற்றி நான் புதுசாச் சொல்ல ஒண்டுமில்லை, 2021ல வந்த பொடி, 51 மெகாபிக்சல், 43.8க்கு 32.9 மில்லிமீற்றர் சென்சர், எல்லாரும் எழுதிட்டினம். ஆனா "மீடியம் ஃபோர்மட் வாங்கிட்டன் அண்ணை, இனி அதோட என்னென்ன வாங்கோணும்" எண்டு கேக்கிற பெடியளுக்கு இவ்வளவு நாளும் வெளிநாட்டுக்காரர் போட்ட வீடியோவைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தன், அதில ஒண்டிலயும் கொழும்பு வெக்கையும் ஈரமும் கடல்காத்தும் இல்லை. இங்க இருக்கிற எங்களுக்கு வாங்குற வரிசையே வேற. அதுதான் நான் காசு குடுத்து வாங்கிப் பாவிச்சதை மட்டும் வச்சு எழுதுறன்.

முதலாவது ட்ரை கபினட், கமராவையும் லென்ஸையும் ஈரம் பிடிக்காம வைக்கிற கரண்ட் அலுமாரி. ரெண்டாவது லென்ஸுக்கு முதல், ட்ரைபொட்டுக்கு முதல், எல்லாத்துக்கும் முதல் அது.

2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் கட் போன நேரம், வெள்ளவத்தையில எங்கட ஃப்ளாட்டில ஃபானும் இல்லை ஏசியும் இல்லை, ஜன்னலைத் திறந்தா கடல்காத்து நேரா உள்ள வரும். அப்ப என்னட்ட இருந்தது ஒரு பழைய ஃபிலிம் 645 கமராவும் அதின்ர 80எம்எம் லென்ஸும், அப்பா பாவிச்சது. பெற்றோல் லைன், காஸ் லைன் எண்டு அலைஞ்ச காலத்தில படம் எடுக்கிற மனமே வரேல்ல, லென்ஸ் லெதர் பையோட அலுமாரிக்குள்ள நாலைஞ்சு மாசம் கிடந்திட்டுது. பிறகு ஒரு நாள் எடுத்து டோர்ச் அடிச்சுப் பாத்தா உள் கண்ணாடியில ஓரத்தில இருந்து நடுவுக்கு நூல் நூலா, சிலந்தி வலை மாதிரி படர்ந்து கிடக்கு. பூஞ்சணம். கழட்டித் துப்புரவாக்கக் குடுத்தன், வலை போயிட்டுது, ஆனா அது கண்ணாடி மேல இருக்கிற பூச்சை (கோட்டிங்) அரிச்ச தடம் போகேல்ல, இப்பவும் வெளிச்சத்துக்கு எதிரா அந்த லென்ஸைப் பிடிச்சா படம் முழுக்கப் பால் ஊத்தின மாதிரி வெளுக்கும். அப்பாவுக்கு இதை நான் இன்னும் சொல்லேல்ல.

அதால சொல்லுறன். காத்தில ஈரப்பதன் 60, 65 வீதத்துக்கு மேல கனநாள் நிண்டா பூஞ்சணத்துக்கு அது போதும், கொழும்பில அது சாதாரணமா 70, 80ல நிக்கும். இருட்டு, காத்தோட்டம் இல்லாத இடம், துணியோ தோலோ சுத்தின பை, இது மூண்டும் சேந்தா நாங்களே அதை வளக்கிற மாதிரித்தான். கமராவோட வந்த வடிவான பையைப் பயணத்துக்கு மட்டும் பாவியுங்கோ, வீட்டில அதுக்குள்ள வச்சு மூடாதேங்கோ. கபினட்டை 40க்கும் 50க்கும் இடையில செட் பண்ணினாச் சரி, 30க்குக் கீழ இறக்க வேண்டாம், ரப்பரும் உள்ள இருக்கிற கிறீசும் காயத் துவங்கும். கரண்ட் எடுக்கிறது கொஞ்சம்தான், பில்லில தெரியவே இல்லை. கரண்ட் போனாலும் பயமில்லை, கதவைத் திறக்காட்டி உள்ள ஈரம் டக்கெண்டு ஏறாது. இப்ப காசில்லை எண்டா சாப்பாடு வைக்கிற இறுக்கி மூடுற பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒண்டு, அதுக்குள்ள சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதன் மீற்றர், அதுவும் வேலை செய்யும், நானும் ஆறு மாசம் அப்பிடித்தான் வச்சிருந்தன். நீலக் கலர் ஜெல் ரோஸாகினா ஓவனில போட்டுக் காய வைக்கோணும், அதை மறந்தா பெட்டி வச்சுப் பிரயோசனமில்லை.

இதோட சேர்த்து இன்னொண்டு, இதுக்குக் காசே வேண்டாம், ஒரு பெரிய சிப்லொக் பை காணும். கலியாண ஹோல் ஏசிக்குள்ள ரெண்டு மணித்தியாலம் நிண்ட கமராவோட வெளியில வந்தீங்கள் எண்டா முன் கண்ணாடி அப்பிடியே புகைஞ்சு போகும், துடைக்கத் துடைக்கத் திரும்ப வரும். ஏசிக்குள்ள இருக்கேக்கயே பைக்குள்ள போட்டு மூடிக்கொண்டு வந்து ஒரு இருபது நிமிசம் விட்டா ஈரம் பைக்கு வெளியிலதான் பிடிக்கும். பொம்பிளை மாப்பிளை வெளியில வந்து நிக்கிற நேரம் புகைஞ்ச லென்ஸோட நிக்க வேண்டி வராது.

அடுத்தது எல் பிராக்கெட், கமராவின்ர அடியிலயும் ஒரு பக்கத்திலயும் பூட்டுற எல் வடிவத் தகடு. இதை நான் ஒரு வருசம் வாங்காம இருந்தது பிழை. பேரை வாவிப் பக்கம் இருந்து தாமரைக் கோபுரத்தை எடுக்கப் போனன், 350 மீற்றர் உயரக் கோபுரம், ஃப்ரேமை நிமித்தித்தானே எடுக்கோணும், ட்ரைபொட் தலையை (போல் ஹெட்) பக்கத்துக்குச் சரிச்சா பொடியும் லென்ஸும் சேர்ந்து ஒரு கிலோ முன்னூறு கிராம் கிட்ட ஒரு பக்கமாத் தொங்குது, லொக்கை எவ்வளவு இறுக்கினாலும் கையை எடுத்த உடன ஒரு நூல் கீழ இறங்கும். ஃபோன் ஸ்கிரீனில ஒண்டும் தெரியாது, லாப்டொப்பில நூறு வீதத்துக்குப் பெருப்பிச்சுப் பாத்தாக் கோபுரத்து லைட் எல்லாம் சின்னக் கோடா இழுபட்டிருக்கும். எல் பிராக்கெட் போட்டா கமராவை எடுத்துத் திருப்பி மற்றப் பக்கத்தைப் பூட்டுறதுதான், பாரம் ட்ரைபொட் நடுவிலயே நிக்கும். நான் எடுத்தது ஸ்மோல்ரிக், இந்தப் பொடிக்கெண்டே செய்தது, பற்றரி மூடி திறக்கிறதுக்கு இடம் விட்டிருக்கு, இடது பக்க வயர் குத்துற இடமும் மறைபடேல்ல. எல்லாப் பொடிக்கும் பொருந்தும் எண்டு விக்கிறதை வாங்காதேங்கோ, அது மெல்ல மெல்ல முறுகும். ஃபுஜி இந்தப் பொடிக்கு நிமித்தி எடுக்கிற பற்றரி கிரிப் விடேல்ல, அதால பிராக்கெட் ஒரு பிடிமானமாவும் உதவும், சின்ன விரலுக்கு இடம் கிடைக்குது.

ட்ரைபொட் பற்றிக் கனக்கச் சொல்ல வேண்டாம், கால் தடிப்பா இருக்கோணும், நடுத்தண்டைத் தூக்காமலே கண் உயரத்துக்கு வரோணும், அவ்வளவுதான். காலிமுகத்திடல்ல பின்னேரக் காத்துக்கு நடுத்தண்டு தூக்கின எந்த ட்ரைபொட்டும் நடுங்கும். கடல்கரைக்குக் கொண்டு போனா வீட்டுக்கு வந்து நல்ல தண்ணியில காலைக் கழுவித் துடைச்சு விரிச்சு வையுங்கோ, திருகுப் பூட்டுக்குள்ள மணல் போனா நறநறக்கும், உப்பு போனா ஒரு மாசத்தில இறுகும். ரிமோட் வாங்கத் தேவையில்லை. ரெண்டு செக்கன் டைமர் இருக்கு, ஷட்டரைக் கனநேரம் திறந்து வைக்கிற டி மோடில 60 நிமிசம் வரைக்கும் கமராவே எண்ணும், நான் வாங்கின ரிமோட் லாச்சிக்குள்ள கிடக்குது.

இப்ப எனக்குச் சம்பளம் தந்த சாமான்களுக்கு வாறன். செட்டியார் தெருவில ரெண்டு நகைக்கடைக்கு நான் கட்டலொக் படம் எடுக்கிறனான். முதல் தரம் எடுத்துக் குடுத்த படத்தைப் பாத்திட்டு முதலாளி ஐயா ஒரு வளையலைக் கையில எடுத்து ஸ்கிரீனுக்குப் பக்கத்தில பிடிச்சார். "தம்பி, இது 22 கரட், நீங்கள் இதைப் பித்தளையாக்கிப் போட்டீங்கள்." அவர் சொன்னது சரி. கடைக்குள்ள மேல எல்ஈடி, ஷோகேசுக்குள்ள வேற எல்ஈடி, கண்ணாடிக் கதவால வாற வெயில், மூண்டும் மூண்டு நிறம், ஓட்டோ வைட் பலன்ஸ் பாவம் என்ன செய்யும். அண்டைக்குப் பின்னேரமே கலர் செக்கர் பாஸ்போர்ட் எண்ட நிறக்கட்டம் போட்ட கார்ட் ஒண்டு ஓடர் பண்ணினன், கலிபிரைட் எண்ட பேரில இப்ப வாறது. கடை லைட்டை நிப்பாட்டிப்போட்டு என்ர லைட் ரெண்டை மட்டும் வச்சு, முதல் ஃப்ரேமில அந்தக் கார்ட்டைப் பிடிச்சு எடுத்து, அதில இருந்து நிறத்தைத் திருத்துற புரொஃபைல் செய்து மிச்சப் படங்களுக்குப் போட்டன். அடுத்த தரம் ஐயா வளையலை எடுத்துப் பிடிக்கவே இல்லை, பாத்திட்டு ரீ சொல்லி விட்டார். சின்ன ஒரு மட்டைக்கு இந்த விலையோ எண்டு தோணும், தங்கமோ கூறைச் சீலையோ எடுக்கிறவைக்கு நல்ல லென்ஸ் ஒண்டை விட இது பிரயோசனம்.

அதே வேலைக்கு டெதர் கேபிளும், கமராவை லாப்டொப்போட இணைக்கிற வயர். நாலரை மீற்றர் யூஎஸ்பி சி, கண்ணுக்குத் தெரியிற செம்மஞ்சள் நிறம், கடை நெருக்கத்தில ஆக்கள் காலில தடக்காம இருக்கோணும் எண்டுதான் அந்த நிறம். கப்சர் வன் சொஃப்ட்வெயார்ல போட்டு எடுத்தா மோதிரத்தில ஒரு விரல் ரேகை இருந்தாலும் உடன தெரியும், அங்கயே துடைச்சு எடுக்கலாம், வீட்டில வந்து ஒரு மணித்தியாலம் ரீடச் பண்ணத் தேவையில்லை. வயரைப் பிராக்கெட்டில ஒரு கிளிப் போட்டு இறுக்கிவிடுங்கோ, ஆராவது தடக்கினா இழுபடுறது பிராக்கெட்டா இருக்கோணும், போர்ட்டா இருக்கக் கூடாது.

மக்ரோ லென்ஸ் வாங்க வழியில்லாம எம்சிஇஎக்ஸ்-18ஜி எண்ட ஃபுஜியிட 18எம்எம் டியூப் எடுத்தன். உள்ள கண்ணாடி இல்லை, லென்ஸுக்கும் பொடிக்கும் இடையில பூட்டுற வெறும் குழாய், ஆனா கொன்டாக்ட் எல்லாம் கடத்தும், ஓட்டோ ஃபோகஸ் வேலை செய்யும். 18ஐ 63ஆல பிரிச்சுப் பாருங்கோ, 0.28 கிட்ட வரும், அவ்வளவு பெருப்பம் கூடுது, தோடு மூக்குத்திக்குக் காணும். எஃப்11ல வச்சாலும் மீடியம் ஃபோர்மட்டில கல்லும் பின்பக்கத் திருகும் ஒண்டா ஷார்ப்பா வராது, அதுக்குப் பொடிக்குள்ளயே ஃபோகஸை மாத்தி மாத்திக் கன படம் எடுக்கிற ஃபோகஸ் பிராக்கெட்டிங் இருக்கு.

பற்றரி. என்பி-டபிள்யூ235, எக்ஸ்-டி4, எக்ஸ்-டி5 காரர் பாவிக்கிற அதே பற்றரிதான், அதால கொழும்பில தட்டுப்பாடு இல்லை, அவசரத்துக்கு ஃப்ரெண்ட்ஸிட்ட கடனும் வாங்கலாம். கொம்பனிக் கணக்கு 455 படம், நான் லைவ் வியூல, பின் ஸ்கிரீனைப் பாத்துக்கொண்டு நிக்கிற ஆள், 300 தாண்டினாச் சந்தோசம். கலியாணத்துக்கு மூண்டு வேணும். விலை பாதிக்கும் குறைவு எண்டு நானும் ரெண்டு வேற கொம்பனிப் பற்றரி வாங்கினன், ஒண்டு எட்டாவது மாசம் வயிறு ஊதிட்டுது, கமராவுக்குள்ள இருக்கேக்கயே ஊதினதால வெளியில வரேல்ல, கவிட்டு மெல்லத் தட்டித் தட்டி எடுத்தது, நெஞ்சு பதறிட்டுது. வாங்கின கடையும் மாத்தித் தரேல்ல. இப்ப ஒறிஜினல் மட்டும்தான். இந்தப் பொடியோட தனிச் சார்ஜர் வராது, யூஎஸ்பியாலதான் ஏறும், அதால ரெண்டு பற்றரி ஒரேயடியாப் போடுற சார்ஜர் கட்டாயம்.

கார்ட் ரெண்டு ஸ்லொட்டுக்கும் ஒரே அளவில எடுங்கோ, வி60 வேகம் போதும், வினாடிக்கு மூண்டு படம் எடுக்கிற கமராவுக்கு அதுக்கு மேல குடுக்கிறது வீண். ரோ ஃபைல் ஒண்டு கொம்பிரஸ் பண்ணாட்டி 100 எம்பிக்கு மேல, லொஸ்லெஸ் கொம்பிரஷன் போட்டாப் பாதிக்குக் கிட்டக் குறையும், தரத்தில ஒண்டும் போகாது, முதல் நாளே அந்த செட்டிங்கை மாத்துங்கோ. புறக்கோட்டையில மலிவாக் கிடைக்கிற கார்ட் எண்டா வாங்கின அண்டைக்கே லாப்டொப்பில முழுசா நிரப்பி டெஸ்ட் பண்ணிப் பாருங்கோ, வெளியில 128 ஜிபி எண்டு எழுதி உள்ள 32 ஜிபி இருக்கிற கார்ட் எனக்கே ஒருக்கா வந்தது.

ஃபில்டர் ரெண்டு போதும், பளபளப்பைக் குறைக்கிற சிபிஎல் ஒண்டு, வெளிச்சத்தைக் குறைக்கிற ஆறு ஸ்டொப் என்டி ஒண்டு. என்ர ரெண்டு லென்ஸுக்கும் வாய் 62எம்எம்தான், எண்டாலும் நான் 77ல வாங்கி 62ல இருந்து 77க்கு ஏத்துற வளையம் போட்டன், ஏனெண்டா வாடகைக்கு எடுக்கிற 80எம்எம், 110எம்எம் எல்லாம் 77. குறை என்னெண்டா வளையம் போட்டா ஹூட் போடேலாது. வளையம் பித்தளையில எடுங்கோ, அலுமினியம் இந்த வெக்கைக்கு லென்ஸோட இறுகிப்போகும். ஆறு ஸ்டொப் எண்டா வெளிச்சம் 64ல ஒரு பங்கு, பொழுதுபடேக்க 1/15ல எடுக்கிற படம் நாலு செக்கனுக்கு வரும், காலிமுகத்திடல் அலை பஞ்சாகிறதுக்கு அது காணும், பத்து ஸ்டொப் போட்டா ஒரு நிமிசத்துக்கு மேல, அந்தக் காத்தில அவ்வளவு நேரம் ஆடாம நிக்கிறது கஷ்டம். யூவி ஃபில்டர் கடல்கரைக்கு மட்டும், உப்புத்தூவலுக்காக. ராத்திரியில அதைக் கழட்டுங்கோ, ரோட்டு லைட் ஒவ்வொண்டும் ரெண்டாத் தெரியும்.

சென்சர் துப்புரவுக்கு ஒரு விசயம் கனபேருக்குத் தெரியாது. கடையில கிடைக்கிற ஃபுல் ஃப்ரேம் ஸ்வாப் (சென்சரைத் துடைக்கிற தட்டைக் குச்சி) 24எம்எம் அகலம், எங்கட சென்சர் உயரம் 33. ரெண்டு தரம் இழுக்கோணும், நடுவில ஒரு கோடு நிக்கும், எஃப்16ல வானத்தை எடுத்தாத் தெரியும். மீடியம் ஃபோர்மட்டுக்கெண்டு அகலமா வாற ஸ்வாப்பைத் தேடி எடுத்து வையுங்கோ. அதுக்கு முதல் ஒரு நல்ல ஊதுற ரப்பர் புளோவர், பத்தில எட்டுத் தரம் அதோட வேலை முடிஞ்சிடும்.

வாங்குற இடம் பற்றிக் கேக்கிறவைக்கு: கார்ட், வயர், சிப்லொக், ஈரப்பதன் மீற்றர் எல்லாம் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலயோ புறக்கோட்டையிலயோ பாக்கலாம். பற்றரியும் சார்ஜரும் பில்லும் வொரண்டியும் தாற கமராக் கடையில மட்டும். பிராக்கெட், ஸ்வாப், டியூப் மாதிரிச் சாமான் நான் வெளியில இருந்து எடுப்பிச்சது, அதுக்கு டக்ஸ் சேர்த்துக் கணக்குப் பாருங்கோ, 2024 ஜனவரியில இருந்து வற் வரி மட்டும் 18 வீதம். கபினட்டை ஒன்லைன்ல எடுக்காம நேர போய்க் கதவு ரப்பரைச் சுத்தி விரலால தடவிப் பாருங்கோ, கதவுக்குள்ள ஒரு கடதாசித் துண்டை வச்சு மூடி இழுத்தா இலகுவா வரக் கூடாது, எனக்குக் காட்டின முதல் ரெண்டிலயும் கடதாசி வழுக்கிக்கொண்டு வந்தது, மூண்டாவதைத்தான் எடுத்தன்.