அப்பாவின் பாஸ்வேர்டுகள்: பிரவுசரா, ஆப்பா, நோட்டா?

அப்பாவுக்கு வயது 76. பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், கும்பகோணத்தில் அம்மாவுடன் இருக்கிறார். நான் சென்னையில். மின்னஞ்சல், மின்வாரியம், ரயில் டிக்கெட், வருமான வரி, மருத்துவக் காப்பீடு, டிஜிலாக்கர், வீட்டு வைஃபை என்று எண்ணிப் பார்த்தால் அவருக்கு 19 இடங்களில் கணக்கு இருக்கிறது. இந்த 19 பாஸ்வேர்டையும் எங்கே வைப்பது என்பதில் மூன்று வழிகளை எங்கள் வீட்டில் பார்த்துவிட்டோம். முதலில் எட்டு மாதம் கூகுள் குரோம். பிறகு ஒன்றரை வருடம் பாஸ்வேர்டு மேனேஜர் ஆப், அதாவது எல்லாப் பாஸ்வேர்டையும் ஒரே மாஸ்டர் பாஸ்வேர்டின் பூட்டுக்குள் வைக்கும் ஆப். இப்போது பத்து மாதமாக ஒரு 200 பக்க நோட்டு. நான் நோட்டின் பக்கம்தான். அதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் போட்டால், ஓர் இடத்தில் கசிந்தது எல்லாவற்றையும் திறந்துவிடும். பிறந்த தேதியும் பேரன் பெயரும் பாஸ்வேர்டு ஆகாது. ஓ.டி.பி.யை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. இவை மூன்று வழிக்கும் பொது.

குரோமில் சேமிப்பதுதான் இருப்பதிலேயே சுலபம். சேமிக்கவா என்று அதுவே கேட்கும், சரி என்று தட்டினால் வேலை முடிந்தது. அப்பா புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. ஆனால் போனைத் திறக்கும் எண் தெரிந்த எவரும் செட்டிங்ஸுக்குள் போய் அத்தனை பாஸ்வேர்டையும் படித்துவிடலாம். அப்பாவின் அந்த நாலு இலக்க எண் வீட்டுக்கு வந்துபோகிற பாதிப் பேருக்குத் தெரியும், ரீசார்ஜ் கடைத் தம்பி உட்பட. போதாக்குறைக்கு, கூகுள் கணக்கே கைவிட்டுப் போனால் மற்ற 18 பாஸ்வேர்டும் கூடவே போய்விடும். எது சேமிக்கப்பட்டிருக்கிறது, எது இல்லை என்பதும் அப்பாவுக்குத் தெரியவில்லை. சரி, இது வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

மேனேஜர் ஆப்பை நான்தான் நிறுவிக் கொடுத்தேன். நல்ல பெயருள்ள, இலவச ஆப். பாதுகாப்பை மட்டும் பார்த்தால் இதற்குத்தான் முதலிடம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒவ்வொரு கணக்குக்கும் இருபது எழுத்தில் யாராலும் ஊகிக்க முடியாத பாஸ்வேர்டை அதுவே உருவாக்கும். அதைவிடப் பெரிய விஷயம், எந்த இணையதள முகவரிக்காகச் சேமித்தோமோ அந்த முகவரியில் மட்டும்தான் தானாக நிரப்பும். அசலைப் போலவே செய்துவைத்த போலிப் பக்கத்தில், முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் நிரப்பாமல் நின்றுவிடும். கண்புரை எடுத்த கண்ணுக்கு அந்த ஓர் எழுத்து தெரியாது, ஆப்புக்குத் தெரியும். நோட்டால் இதைச் செய்யவே முடியாது.

2022-இல் லாஸ்ட்பாஸ் என்ற மேனேஜர் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டுப் பெட்டகங்களையே நகலெடுத்துத் திருடிப் போனார்கள். அதைச் சொல்லி ஆப்பே வேண்டாம் என்பவர்கள் உண்டு. அந்தப் பெட்டகங்களில் பாஸ்வேர்டுகள் பூட்டப்பட்டேதான் இருந்தன. மாஸ்டர் பாஸ்வேர்டு வலுவாக இருந்தால் அந்தப் பூட்டை உடைப்பது மிகக் கடினம். நாங்கள் ஆப்பை விட்டது அதனால் இல்லை.

போன ஐப்பசியில், நல்ல மழை நாளில், அப்பா வாசல் படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. சட்டைப் பையில் இருந்த போனும் நொறுங்கியது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இரண்டு நாள் அவருக்குச் சரியாகத் தெளியவில்லை. எந்த ஊரில் இருக்கிறோம் என்றே கேட்டுக்கொண்டிருந்தார். வயதானவர்களுக்கு அப்படி ஆவதுண்டு, பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். கீழே காப்பீட்டுக்கான மேசையில் பாலிசி நகல் கேட்டார்கள். பாலிசி மின்னஞ்சலில் இருந்தது. மின்னஞ்சலின் பாஸ்வேர்டு ஆப்பில் இருந்தது. ஆப்பின் மாஸ்டர் பாஸ்வேர்டு அப்பாவின் மனத்தில் மட்டும் இருந்தது.

புதுப் போன் வாங்கி, பழைய சிம்மைப் போட்டு, ஆப்பை நிறுவினேன். மாஸ்டர் பாஸ்வேர்டு கேட்டது. பழைய போனில் விரலை வைத்தே திறந்து பழகியதால், ஒரு வருடமாக அப்பா அந்த வார்த்தையைத் தட்டவே இல்லை. மூன்றாம் நாள் தெளிந்த பிறகு கேட்டேன். "திருவையாறுன்னு ஆரம்பிக்கும்மா, அப்புறம் ஒரு நம்பர்..." என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஆறு விதமாகப் போட்டுப் பார்த்தோம், திறக்கவில்லை. வலியோடு படுத்திருந்தவரை ஒரு வார்த்தைக்காக அப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தது இன்றும் எனக்கு உறுத்துகிறது. அம்மா என்னை வராண்டாவுக்குக் கூட்டிப் போய், "இதெல்லாம் எனக்கு ஏன்டி சொல்லி வைக்கல?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

சிம் இருந்ததால் மின்னஞ்சலை மீட்டுவிட்டோம், ஆனால் அதற்கே ஒன்றரை நாள் ஆனது. மற்றவற்றை "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" போட்டு ஒவ்வொன்றாகப் புதுப்பிக்க மார்கழி வந்துவிட்டது. இரண்டு கணக்குகள் இன்னும் திறக்கவில்லை.

இதை ஆப்பின் குறை என்று நான் சொல்ல மாட்டேன். மாஸ்டர் பாஸ்வேர்டு மறந்தால் அந்த நிறுவனமே நினைத்தாலும் திறக்க முடியாது. அப்படி இருப்பதால்தான் திருடனுக்கும் அது மிகக் கடினம். அவசரத்தில் திறக்க நம்பிக்கையான ஒருவரை முன்கூட்டியே நியமிக்கும் வசதி சில ஆப்களின் கட்டணத் திட்டத்தில் உண்டு. நாங்கள் இலவசத்தில் இருந்தோம். கூகுளிலும் உரிமையாளர் நீண்ட நாள் வராமல் போனால் வேறொருவருக்குத் தகவல் போகும்படி வைக்கலாம், ஆனால் அதில் வைக்கக்கூடிய மிகக் குறைந்த காலமே 3 மாதம். ஆஸ்பத்திரி மேசையில் மாலைக்குள் கொண்டு வாருங்கள் என்பார்கள்.

அதனால் எனக்கு மூன்றையும் எடைபோடும் கேள்வி இதுதான்: அவர் படுத்துவிட்ட அன்று, அம்மா ஒருத்தியாக, யார் உதவியும் இல்லாமல் திறக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு நோட்டு மட்டும்தான் சரியாகப் பதில் சொன்னது.

பாஸ்வேர்டை எழுதி வைப்பதா என்று அதிர்ச்சி அடைகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கணினிப் பாதுகாப்பில் பெரிய பெயரான புரூஸ் ஷ்னையர், வலுவான பாஸ்வேர்டை வைத்துக்கொள்ளுங்கள், அதைத் தாளில் எழுதிப் பர்ஸில் பத்திரமாக வையுங்கள் என்று 2005-லேயே சொன்னவர். காரணம் எளிது. அப்பாவைக் குறிவைக்கிறவன் எங்கோ உட்கார்ந்து, வங்கியிலிருந்து பேசுகிறேன், சி.பி.ஐ.யிலிருந்து பேசுகிறேன் என்று போன் செய்கிறவன். கும்பகோணத்து வீட்டுப் பீரோவுக்குள் அவன் கை நீளாது. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று அனுப்பும், ஆப்பை நிறுவிவிடும் ஏ.பி.கே. கோப்பு போனுக்குள் என்னென்னவோ செய்யும், காகிதத்தைப் படிக்க முடியாது.

ஆனால் கிடைத்த டைரியில் கிடைத்த இடத்தில் கிறுக்கி வைப்பது நோட்டு ஆகாது. நாங்கள் வைத்திருப்பதைச் சொல்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு கணக்கு. மேலே தேதி. பால்பாயிண்ட் பேனாவில்தான் எழுதுவோம், பென்சில் மங்கிவிடும். பாஸ்வேர்டு மாறினால் பழையதை ஒரு கோட்டால் அடித்துவிட்டு, கீழே புதிய தேதியோடு எழுத வேண்டும். பூஜ்யத்துக்குக் குறுக்குக் கோடு, பெரிய எழுத்துக்கு அடிக்கோடு. இந்த இரண்டையும் வைத்த பிறகுதான் "இது ஓ-வா, ஜீரோவா" என்ற போன்கள் நின்றன. பாஸ்வேர்டாக நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில், நடுவில் கோடு போட்டு எழுதுகிறோம். ஒன்றோடொன்று ஒட்டாத சொற்கள், அம்மிக்கும் ஆகாயத்துக்கும் உள்ள உறவு மாதிரி. நீளம்தான் பலம், குறியீடுகளைக் கொட்டுவதில் இல்லை. மாதாமாதம் மாற்றுவதும் தேவையில்லை. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், காரணமில்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்லாதீர்கள் என்று 2017-லேயே தன் வழிகாட்டுதலைத் திருத்திவிட்டது. கசிந்தது என்று தெரிந்தால் மாற்றினால் போதும்.

எழுதியதற்குப் பின்னால் எழுதாத ஒரு சொல்லும் உண்டு. எல்லாப் பாஸ்வேர்டின் கடைசியிலும் அது வரும், நோட்டில் எங்கும் இருக்காது. அந்தக் காலத்தில் வீட்டில் இருந்த பசுவின் பெயர் போல, குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த ஒன்று. அப்பா, அம்மா, நான் மூவருக்கும் தெரியும். யாராவது நோட்டை எடுத்துப் போனாலும் அரைப் பாஸ்வேர்டுதான் கிடைக்கும். அம்மாவுக்கு அது மறக்காது, அந்தப் பசுவுக்குத் தவிடு வைத்தவள் அவள்.

முதல் பக்கம் மின்னஞ்சலுக்கு. மற்ற எல்லாக் கணக்கையும் மீட்கும் வழி அதுதான் என்பதால் அதற்கு முதல் மரியாதை. கூகுள் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பை, அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றையும் கேட்கும் வசதியை, இயக்கினால் 10 மாற்று எண்களை எடுத்து வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒவ்வொன்றும் ஒருமுறைக்குத்தான். போன் உடைந்தாலும் பாஸ்வேர்டோடு இதைப் போட்டு உள்ளே போகலாம். அதை அச்சிட்டு அந்தப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறோம். அன்று இந்தப் பக்கம் இருந்திருந்தால் அந்த ஒன்றரை நாள் மிஞ்சியிருக்கும்.

வங்கியின் பக்கத்தில் பாஸ்வேர்டு இல்லை. யு.பி.ஐ. பின், ஏ.டி.எம். பின், அட்டையின் பின்புற மூன்று இலக்கம் எதையும் எழுதக் கூடாது, பசுவின் பெயர் சேர்த்தாலும் கூடாது. வங்கி விஷயத்தில் அம்மாவுக்கு வழி வேண்டுமென்றால் அதற்கு முறையான ஏற்பாடு கூட்டுக் கணக்கு. இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற வகையில் மாற்றிக்கொண்டோம், இருவரும் கிளைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார்கள்.

வங்கிப் பக்கத்தில் இருப்பது கிளையின் பெயர், வங்கித் தளத்தின் சரியான முகவரி, வாடிக்கையாளர் சேவை எண். சேவை எண்ணை ஏ.டி.எம். அட்டையின் பின்புறத்திலிருந்து பார்த்து எழுதினோம். முகவரி இப்போது பேங்க்.இன் என்று முடியும்; 2025 அக்டோபர் 31-க்குள் அதற்கு மாறிவிட வேண்டும் என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. ஆரம்பத்தில் இந்தப் பக்கத்தை ஒரு வசதிக்காகத்தான் எழுதினேன். பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. பணம் ஏதோ பிடித்துவிட்டார்கள் என்றால் அப்பா செய்கிற முதல் காரியம், கூகுளில் அந்த வங்கியின் பெயரைப் போட்டு கஸ்டமர் கேர் என்று தேடுவது. மோசடிக்காரர்கள் தங்கள் எண்களை வைத்துக் காத்திருக்கும் இடமே அதுதான். இப்போது நோட்டை எடுத்து அதிலிருக்கும் எண்ணை அழைக்கிறார். நோட்டு அட்டையின் உள்பக்கத்தில் 1930 என்று அம்மா பெரிதாக எழுதியிருக்கிறாள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் நொடியும் தாமதிக்காமல் கூப்பிட வேண்டிய சைபர் குற்ற உதவி எண் அது.

நோட்டுக்கு நிஜமான ஆபத்து ஒன்று உண்டு, போட்டோ. முதல் மாதத்திலேயே அப்பா ஒரு பக்கத்தைப் படமெடுத்து, "சரியா இருக்கா பாரும்மா" என்று எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நல்லது நினைத்துத்தான் செய்தார். ஆனால் அப்போதே அது நோட்டை விட்டு வெளியே வந்துவிட்டது. இரண்டு போனிலும் அழித்தோம், கேலரியின் குப்பைத் தொட்டியிலும் அழித்தோம், அந்த ஒரு பாஸ்வேர்டை மாற்றினோம். பல பேர் வந்துபோகும் வீட்டில், இரவு பகல் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் வீட்டில், நோட்டு சரிப்படுமா என்றால் நான் தயங்குவேன். அங்கே கட்டணம் கட்டி அவசர வசதியுள்ள மேனேஜரை வைப்பது மேலாக இருக்கலாம். எங்கள் வீட்டில் பீரோ சாவி அம்மாவின் இடுப்பில் இருக்கிறது. அதை வைத்துத்தான் பேசுகிறேன்.

தனியாக இருக்கும் முதியவர்களுக்கும் என் அனுபவம் அப்படியே பொருந்தாது. ஐபோனில் வரும் பாஸ்வேர்டு வசதியை நான் தொட்டதே இல்லை. பாஸ்வேர்டே இல்லாமல் விரல்ரேகையில் நுழையும் பாஸ்கீ முறையை அப்பாவின் கூகுள் கணக்கில் மட்டும் மூன்று மாதமாக வைத்திருக்கிறோம். போலித் தளத்தில் அது வேலை செய்யாது என்பதால் பாதுகாப்புக்கு மிக நல்லது. ஆனால் போன் தொலைந்தால் எப்படி என்பதை இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை, அதனால் நோட்டின் முதல் பக்கத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.

நோட்டுக்கு ஒரு நகல் திருச்சியில் தம்பி வீட்டில் இருக்கிறது, ஒட்டிய உறையில். தீயோ வெள்ளமோ வந்தால் என்ன செய்வது என்று அப்பாவே யோசித்துச் சொன்னது. பொங்கலுக்கு எல்லோரும் கூடும்போது அந்த உறையைக் கொண்டுவந்து, பக்கம் பக்கமாக ஒத்துப் பார்த்து, புது உறையில் ஒட்டிக் கொடுத்து அனுப்புகிறோம். போன பொங்கலுக்கு அம்மா வாசித்தாள், அப்பா சரிபார்த்தார். பதினொரு பக்கத்தில் திருத்தம் இருந்தது.