ரோம்வால்ட்: பி.எஸ்.பி. விளையாட்டுத் தொகுப்பைச் சரிபார்க்க ஓர் இலவச மென்பொருள்

சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவியான பி.எஸ்.பி. 2004 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்தது. அதற்கான விளையாட்டுகள் பதிந்த யு.எம்.டி. என்னும் சிறு வட்டுகளுக்கு இப்போது வயதாகிவிட்டது; பாளையங்கோட்டையில் என் அலமாரியில் இருக்கும் சிலவற்றில், வட்டை மூடியிருக்கும் ஒளிபுகும் பிளாஸ்டிக் மூடி பசை விட்டுக் கையோடு பிரிந்து வருகிறது. ஆகவே சொந்த வட்டுகளை ஐ.எஸ்.ஓ. கோப்புகளாக, அதாவது வட்டின் முழு நகல்களாக, எடுத்து வைப்பது அவசியம். எடுத்து வைத்தது பழுதில்லாததா என்று அறிவது அதைவிட அவசியம். இந்த இரண்டாவது வேலைக்கு ரோம்வால்டைப் பரிந்துரைக்கிறேன்.

வண்ணாரப்பேட்டையில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர், "எல்லாந்தான் ஓடுதுல்லா அண்ணாச்சி, பொறவு எதைச் சரிபார்க்கணும்?" என்று கேட்டார். ஓடுவது சான்றாகாது. பல மணி நேரம் ஆடிய பிறகே வரும் ஒரு காட்சியில் கோப்பு சிதைந்திருக்கலாம். இடத்தை மிச்சப்படுத்த யாரோ காணொளிகளை வெட்டியெடுத்த கோப்பும் முதல் திரை வரை ஒழுங்காகவே திறக்கும்.

ரீடம்ப் என்னும் தன்னார்வலர் திட்டம், அசல் வட்டுகளிலிருந்து எடுத்த பிரதிகளின் அளவையும் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற சி.ஆர்.சி.32, எம்.டி.5, ஷா-1 ஆகிய மதிப்புகளையும் டேட் என்னும் பட்டியல் கோப்புகளாகத் தொகுத்து வழங்குகிறது. ரோம்வால்ட் நம்மிடமுள்ள ஒவ்வொரு கோப்பையும் முழுதாகப் படித்து, அதன் மதிப்புகளைக் கணக்கிட்டு அந்தப் பட்டியலோடு ஒப்பிடுகிறது. இரண்டு அடுக்கு யு.எம்.டி. ஒன்றில் 1.8 ஜி.பி. வரை இருக்கும்; அதில் ஒரே ஒரு பிட் மாறினாலும் 40 இலக்க ஷா-1 மதிப்பு அடையாளம் தெரியாமல் மாறிவிடும். ஒப்பீடு பொருந்தினால் பச்சை, பட்டியலில் உள்ளது நம்மிடம் இல்லாவிட்டால் சிவப்பு. கோப்பின் பெயரை அது நம்புவதில்லை என்பதே எனக்கு மிகவும் பிடித்தது. 'புதுசு2' என்று நான் பெயரிட்டு வைத்திருந்த கோப்பை உள்ளடக்கத்தைக் கொண்டே அடையாளம் கண்டு, விளையாட்டின் முழுப் பெயர், ஐரோப்பியப் பதிப்பு என்ற குறிப்பு, அதிலுள்ள மொழிகள் ஆகியவற்றோடு உரிய கோப்புறையில் சேர்த்தது. அமெரிக்கப் பதிப்பும் ஐரோப்பியப் பதிப்பும் ஒரே பெயரில் குழம்பிக் கிடக்கும் தொகுப்புக்கு இது பெரிய உதவி.

குறைகளும் உண்டு. அமைப்பை மாற்றாமல் விட்டால் கோப்புகளை ஜிப் (zip) வடிவில் சுருக்கிவிடுகிறது, பி.எஸ்.பி. கருவி அதை நேரடியாக ஓட்டாது என்பதால், முதலிலேயே சுருக்காமல் வைக்கும் தேர்வுக்கு மாற்றிவிட வேண்டும். ஐ.எஸ்.ஓ.வைச் சுருக்கிய வடிவமான சி.எஸ்.ஓ. கோப்புகளை அப்படியே கொடுத்தால் எதுவும் பொருந்தாது, மேக்ஸ்சி.எஸ்.ஓ. போன்ற கருவியால் ஐ.எஸ்.ஓ.வாக விரித்த பிறகே கொடுக்க வேண்டும். நல்ல ஐ.எஸ்.ஓ.விலிருந்து நேராகச் சுருக்கியதாக இருந்தால் விரித்ததும் பச்சை வந்துவிடும். பொத்தான்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருப்பது புதியவர்களைச் சற்று மிரட்டும். சரிசெய்யும் பொத்தானை அழுத்தியதும் கோப்புகள் இடம் மாறும், பெயர் மாறும் என்பதால், அதற்கு முன் வேறொரு வன்தட்டில் நகல் எடுத்து வைப்பது நல்லது.

வழக்கமான பரிசோதனையில், தேதியும் அளவும் மாறாத கோப்பை அது மறுபடி படிப்பதில்லை. ஆகவே பழைய வன்தட்டில் தொகுப்பை வைத்திருப்பவர்கள் அவ்வப்போது முழு மறுபரிசோதனையைத் தேர்ந்தெடுத்து ஓட விட வேண்டும். பெரிய தொகுப்புக்கு இரவு முழுவதும் ஆகலாம், யு.பி.எஸ். இணைப்பு இருப்பது நலம்.